மலை ரோட்டோரம் நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் பாதை போடுவது எப்படி

நம் ஊர்களில் நடைபாதை பற்றிக் கூட்டம் போட்டால் முதல் பேச்சே பேவர் பிளாக் சிவப்பா மஞ்சளா என்பதுதான். கல் பதிப்பது கடைசி வேலை. நீலகிரியில் முதல் வேலை தண்ணீர், அடுத்தது ஓரம். அகலம், கல், பெயிண்ட் எல்லாம் அதற்கப்புறம். இந்த வரிசை மாறினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன ஆகும் என்று குன்னூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் டிப்ளமோ சிவில் படித்தவள். அருவங்காடு, எல்லநள்ளி, கேத்தி, கோத்தகிரி பக்கம் ஒப்பந்ததாரர்களிடம் சைட் சூப்பர்வைசராக வடிகாலும் தடுப்புச்சுவரும் கட்டியே என் காலம் போனது. இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போக ரோட்டோரம் ஒரு வழி வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு அளவெடுத்துக் கொடுக்கிறேன். வார்டு கவுன்சிலர்கள், குடியிருப்போர் சங்கத்தார், வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் சிவில் பசங்க, இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

"இந்த மலையில் யார் சைக்கிள் மிதிக்கப் போறாங்க?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். கணக்கோடு பதில் சொல்லுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுவது வேறு. அது பந்தயக்காரர்கள் வேலை. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240. இடையில் 18 கிலோமீட்டர் போல ரோடு. சராசரி ஏற்றம் 100 மீட்டருக்கு 2 மீட்டர்தான். அங்கங்கே செங்குத்தாக மூச்சு வாங்க வைக்கும், உண்மை. ஆனாலும் கியர் சைக்கிளோ பேட்டரி சைக்கிளோ வைத்திருப்பவர் எல்லநள்ளியிலிருந்து லவ்டேல் போய்விடலாம். போகாமல் தடுப்பது ஏற்றம் அல்ல, பின்னால் முட்டுகிற மாதிரி வரும் வண்டி.

குடையோடு நடங்கள்

டேப்பை எடுப்பதற்கு முன் குடையை எடுங்கள். நல்ல மழை பெய்யும்போது அந்த ரோட்டை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடக்க வேண்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் என்றால் வடகிழக்குப் பருவமழையில்; கூடலூர், பந்தலூர் என்றால் தென்மேற்கில். தண்ணீர் ரோட்டைக் குறுக்கே தாண்டும் இடம், மேட்டுப்பக்கத்து மண்வெட்டில் ஊற்றுப் போலக் கசியும் இடம், தேங்கும் இடம், பள்ளப்பக்கம் விளிம்பை அரித்து இறங்கும் இடம், நாலையும் போட்டோ எடுத்து, பக்கத்துக் கம்பத்து நம்பரையோ கிலோமீட்டர் கல்லையோ எழுதிக்கொள்ளுங்கள். வெயில் வந்தபின் போனால் இதில் பாதி கண்ணுக்குத் தெரியாது.

எங்களோடு வேலை பார்த்த மேஸ்திரி ஒருவர், பழைய ஓடை வாயை மண் போட்டு மூடச் சொன்னபோது மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி நம்மகிட்ட வழி கேக்காதுங்க மேடம், அதுவே போட்டுக்கும்." அந்த வாயை மூடவில்லை. தண்ணீர் ரோட்டுக்கு அடியில் போக ஒரு சிறுபாலம் வைத்தோம்.

மழை விட்டதும் இன்னொரு நடை. இம்முறை மனிதர்களைப் பாருங்கள். ஜனங்கள் ஏற்கெனவே நடந்து நடந்து ஒரு ஒற்றையடித் தடம் போட்டிருப்பார்கள். எந்த வளைவில் மேட்டுப்பக்கம் ஒதுங்குகிறார்கள், எங்கே ரோட்டைத் தாண்டுகிறார்கள் என்று அந்தத் தடமே சொல்லும். பள்ளி விடும் நேரம் ஒரு முறையும், சுற்றுலா வண்டிகள் இறங்கும் ஞாயிறு சாயங்காலம் ஒரு முறையும் கால் மணி நேரம் நின்று வண்டிகளையும் நடப்பவர்களையும் எண்ணிக் குறியுங்கள். அதிகாரி முன்னால் மேஜையில் வைக்க அந்தத் தாள் போதும்.

இடம் யாருடையது

இதில் சோம்பினால் பின்னால் ஆறு மாதம் போகும். குன்னூர்–ஊட்டி ரோடு தேசிய நெடுஞ்சாலை 181. ஆனால் அதன் ஓரம் ஒரே கையில் இல்லை. வெலிங்டனில் கண்டோன்மென்ட், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை நிலம், அங்கங்கே ரயில்வே, வனத்துறை, தேயிலைத் தோட்டம், பட்டா நிலம் என்று துண்டு துண்டாக வரும். நில அளவைப் பிரிவில் எஃப்.எம்.பி. என்கிற புல அளவு வரைபடம் வாங்கி ரோட்டு எல்லைக் கற்களைத் தேடிப் பிடியுங்கள். பாதிக் கல் வேலிக்குள் போயிருக்கும். கேத்தி, ஜெகதளா போன்றவை பேரூராட்சிகள். அங்கே கிராம சபை கிடையாது, மன்றத் தீர்மானம்தான் வேண்டும். ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானம் போடலாம்.

தீர்மானத்தோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் கலெக்டர்தான் தலைவர், அதனால் மனுவில் அந்தக் குழுவின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு வாதம் கையிலேயே இருக்கிறது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு ஊட்டிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பே வைத்தது. இந்த ரோடுகள் தாங்கும் எல்லையில் இருக்கின்றன என்று நீதிமன்றமே சொன்ன பிறகு, நடக்க இடம் கேட்பது ஆடம்பரம் ஆகாது.

மரம் வெட்ட வேண்டி வந்தால் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். மண் வெட்டவும் பொக்லைன் இறக்கவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். "ராத்திரியோட ராத்திரியா வேலையை முடிச்சுடலாம்" என்பவரை வேலைக்கே சேர்க்காதீர்கள்.

அகலக் கணக்கு

ரோடுகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் மலை ரோட்டுக்குச் சொல்லும் கணக்குப்படி இருவழிச் சாலை 7 மீட்டர், இரண்டு ஓரமும் 0.9 மீட்டர் பெர்ம் (தார் போடாத மண் ஓரம்), ஆக 8.8 மீட்டர். வடிகால் இதற்கு வெளியே. நடைபாதைக்கு அவர்களே சொல்லும் குறைந்தபட்ச அகலம், தடங்கல் எதுவும் இல்லாமல், 1.8 மீட்டர். சமவெளி ஆள் வந்தால் "இடமே இல்லையே" என்று டேப்பைச் சுருட்டிவிடுவார். மலைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: ஏறும் சைக்கிளுக்கும் இறங்கும் சைக்கிளுக்கும் ஒரே தேவை இல்லை.

ஏறுகிறவர் எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் தள்ளாடிக்கொண்டு போவார். அவருக்குத்தான் தனி இடம் கட்டாயம். இறங்குகிறவர் வண்டி வேகத்துக்கே வருவார். அவர் ரோட்டிலேயே வரட்டும். அவரை நடைபாதையில் ஏற்றினால் பால் வாங்கிக்கொண்டு வரும் பாட்டியைத்தான் இடிப்பார். ஆகவே ஒரு பக்கம், ஏறும் பக்கம் மட்டும், சைக்கிள் பட்டை போதும். பாதிச் செலவு அங்கேயே மிச்சம். (கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் ரோட்டுக்கு இது பொருந்தாது. அந்த ஐந்து கிலோமீட்டரும் ஏறக்குறைய சமதளம். வாடகை சைக்கிள், குதிரை, கார் எல்லாம் கலந்து போகிற இடம். அங்கே வேறு கணக்கு.)

இப்போது 8.8 மீட்டரைப் பங்கு போடுவோம். வேகத்தைக் குறைத்த ஊர்ப்பகுதியில் வண்டிகளுக்கு 3.25 வீதம் இரண்டு தடம், 6.5. ஏறும் பக்கம் சைக்கிளுக்கு 1.5. மீதி 0.8. எதிர்ப்பக்கம் மேட்டுப்பக்கமாக இருந்தால் அங்கே வடிகால் இருக்கும்: உள் அகலம் 60 சென்டிமீட்டர், இரண்டு சுவரும் 20, 20. மொத்தம் 1 மீட்டர். அதன்மேல் மூடி போட்டால் 0.8-ம் 1-ம் சேர்ந்து 1.8. ஒரு பிடி மலையை வெட்டாமல் நடைபாதை வந்துவிட்டது.

காகிதத்தில் இப்படி. நேரில் எல்லா இடத்திலும் 8.8 கிடைக்காது. கிடைக்காத இடத்தில் சைக்கிள் பட்டையை விட்டுவிட்டு நடைபாதையைக் காப்பாற்றுங்கள். சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும். வளைவில் ரோடு அகலமாக இருப்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அது திரும்பும்போது பஸ்ஸின் பின்சக்கரம் உள்பக்கமாக இழுப்பதற்காக விட்ட இடம். அதில் கை வைத்தால் முதல் வாரமே கெர்ப் கல் (பாதையின் விளிம்புக் கல்) உடையும்.

பாதை அடிக்கடி பக்கம் மாறக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு முறை ரோட்டைக் கடக்க வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பார்த்து நிற்க 45 மீட்டர் வேண்டும், 50-ல் வந்தால் 60. மஞ்சு (பனிமூட்டம்) இறங்கினால் இதெல்லாம் ஏட்டுக் கணக்கு. ஆகவே கடக்கும் இடத்தை இரு பக்கமும் 60 மீட்டர் தெரியும் நேர் ரோட்டில் மட்டும் வையுங்கள், அங்கே ஒரு விளக்குக் கம்பமும் இருக்கட்டும். பஸ் நிறுத்தத்தில் நிழற்குடைக்குப் பின்னால் பாதையைக் கொண்டு போங்கள். முன்னால் விட்டால் நடப்பவர் பஸ்ஸுக்காக நிற்பவர்களைச் சுற்றி ரோட்டில்தான் இறங்குவார்.

வடிகால் மூடி

இந்த வேலையின் உயிர் இதில்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மூடிப் பலகையை ஆள் தூக்கும்படி செய்யுங்கள். 90-க்கு 45 சென்டிமீட்டர், கனம் ஏழரை சென்டிமீட்டர் என்றால் எடை 75 கிலோ சொச்சம். இரண்டு பேர் கடப்பாரை போட்டு நகர்த்தலாம். அதையே 90-க்கு 60, 10 கனம் என்று போட்டால் 135 கிலோ. நாலு பேர் வேண்டும். நாலு பேர் வேண்டும் என்றால் அது திறக்கப்படாது, அவ்வளவுதான் விஷயம். வீட்டு வாசல், தோட்டத்துக் கேட் என்று வண்டி ஏறும் இடங்களில் மட்டும் கனத்தை 15 ஆக்கிக் கம்பியைக் கூட்டுங்கள். எந்தப் பலகையிலும் கொக்கி மாட்ட இரண்டு துளை இருக்கட்டும். ஒன்றோடொன்று சிமெண்டால் பூசி ஒட்ட விடாதீர்கள். பார்க்க வழவழப்பாக இருக்கும் என்று பூசுவார்கள். அடுத்த மழையில் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ரோட்டுத் தண்ணீர் உள்ளே போக கெர்ப் கல்லில் மூன்று, நான்கு மீட்டருக்கு ஒரு வாய். இதை எல்லோரும் செய்வார்கள். மறந்து போவது பின்பக்க வாய். மலைச்சரிவிலிருந்து இறங்கும் தண்ணீர் வடிகாலுக்குள் போக, மேட்டுப்பக்கச் சுவரிலும் இடைவெளி வேண்டும். அதை மூடிப் பூசினால் தண்ணீர் மூடியின் மேலேறி, நடைபாதையே ஓடையாகி, ரோட்டைத் தாண்டிப் பள்ளப்பக்கத்து விளிம்பை அரிக்கும்.

கேத்தி பாலாடா பக்கம் ஒரு மூடியை நவம்பரில் திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கும் என்று கேளுங்கள். கழுவிய கேரட் ஏற்றிய வண்டிகள் சொட்டிவிட்டுப் போன செம்மண் சேறு அடியில் களிம்பாகப் படிந்திருக்கும். அதன்மேல் கேரட் தழை. அதற்கும் மேல் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கையால் உரித்தால் தாளாக வரும். இடையிடையே தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பாட்டில்கள். கம்பி வலை போட்டால் போதும் என்பவர்கள் இந்த இலைத் தாளைப் பார்த்ததில்லை. வலை இரண்டு மழைக்கு மேல் தாங்காது. அதைவிட, ஒவ்வொரு சிறுபாலத்துக்கு முன்னும் வடிகாலைவிட ஒன்றரை அடி ஆழமாக ஒரு சேற்றுக்குழி கட்டி, சேறு அங்கே தங்கும்படி செய்யுங்கள். அள்ளுவதற்கும் ஒரே இடம்.

சிறுபாலத்தின் மறுமுனை பள்ளப்பக்கம் திறக்கும். அங்கே கல் பாவிய படிகளாக ஓடை வரை இறக்கிவிட வேண்டும். அப்படியே அந்தரத்தில் கொட்டவிட்டால் கீழே இருக்கும் தேயிலைத் தோட்டக்காரர் வழக்குப் போடுவார், நியாயமாகவே.

ஓரமும் சுவரும்

2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் சுற்றுவட்டாரத்தில் மலை சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இங்கே சுவர் கட்டும் யாருக்கும் ஒரு பயம் உண்டு, இருக்கவும் வேண்டும். சுவரைத் தள்ளுவது மண் மட்டும் இல்லை, அதற்குள் தேங்கும் தண்ணீர். சுவருக்குப் பின்னால் ஒரு அடிக்குக் குறையாமல் ஜல்லி நிரப்பி, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக 75 அல்லது 100 மில்லிமீட்டர் குழாய், வெளிப்பக்கம் சாய்வாக. மேல்வரிசைத் துளையும் கீழ்வரிசைத் துளையும் ஒன்றுவிட்டு ஒன்றாக. மழையில் அந்தத் துளை அழ வேண்டும். அழாத துளை அடைபட்ட துளை.

கம்பிக்கூடையில் கல் அடுக்கும் கேபியன் சுவருக்குத் துளையே தேவையில்லை, தண்ணீர் கல்லிடுக்கிலேயே வடிந்துவிடும். நிலம் கொஞ்சம் அசைந்தாலும் உடையாமல் வளையும். அகலம் அதிகம் கேட்கும், அதுதான் குறை. பணமும் நிபுணரும் இருந்தால் சரிவுக்குள் இரும்புக் கம்பியை ஆணி போல இறக்கி, மேலே புல் வளர்க்கும் 'மண் ஆணி' முறை இருக்கிறது. நெடுஞ்சாலைத் துறை நீலகிரியில் செய்திருக்கிறது. நம் பேரூராட்சிப் பணத்துக்கு எட்டாது.

பள்ளப்பக்கக் கைப்பிடி நடப்பவருக்கு 1.1 மீட்டர் போதும். சைக்கிள்காரர் உயரத்தில் உட்கார்ந்திருப்பவர், அவருக்கு 1.4 வேண்டும்.

ஆனால் நீளமாக இரு பக்கமும் அடைக்காதீர்கள். சமவெளிப் புத்தகங்களில் இது இருக்காது. காட்டுமாடு ரோட்டுக்கு இறங்கி வந்து, வெளியேற வழியில்லாமல் பாதையில் மாட்டிக்கொண்டால், அதே பாதையில் டியூஷன் முடிந்து வரும் பிள்ளை எதிரே நிற்கும். காட்டுமாடும் கரடியும் வழக்கமாக இறங்கும் தடம் எது என்று வனக்காவலரைக் கேளுங்கள்; தோட்டத்தில் இலை பறிக்கும் அக்காமார்களைக் கேட்டால் இன்னும் சரியாகச் சொல்வார்கள். அந்த இடங்களில் தடுப்பை நிறுத்தி அகலமான இடைவெளி விட்டு, முன்னதாகவே ஒரு விளக்கும் வையுங்கள்.

மேல்பரப்பு

வழவழ டைல்ஸ் வேண்டவே வேண்டாம். மர நிழலில் பேவர் பிளாக்கும் பாசி பிடிக்கும். துடைப்பத்தால் குறுக்கே இழுத்துச் சொரசொரப்பாக்கிய கான்கிரீட் எனக்குப் பிடித்தது. அழகு குறைவு, கால் வழுக்காது. சரிவு வடிகால் பக்கம் மீட்டருக்கு 2 சென்டிமீட்டர். சைக்கிள் பட்டையில் வடிகால் கம்பி வலை வந்தால், கம்பிகள் சக்கரத்துக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நெடுக்காக வைத்தால் டயர் உள்ளே இறங்கும்.

ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்கு, பிரியும் ரோடுகளில் நடைபாதையை வெட்டிக் கீழே இறக்காமல் அதே மட்டத்தில் கொண்டு போங்கள். கார் ஏறி இறங்கட்டும். கெர்ப் 15 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், வயதானவர் ஏற முடியாது.

கடைகள், நிற்கும் கார்கள்

பாதை சாவது இங்கேதான். வர்க்கிக் கடை, சாக்லேட் கடை, கேரட் முள்ளங்கி விற்கும் தள்ளுவண்டி, பள்ளத்தாக்கைப் படம் எடுக்க நிறுத்தும் வெளியூர்க் கார். போலீஸ்காரர் இருக்கும்வரை ஒழுங்கு, போனதும் பாதை பார்க்கிங். ஒரே வழி, கார் நிற்க வேறு இடத்தை முதலில் காட்டுவது. 100, 150 மீட்டருக்குள் ஒரு ஒதுக்கிடம் போட்டுவிட்டு அப்புறம் பாதையில் குட்டைத் தூண் நடுங்கள். தூண்களுக்கிடையே 1.2 மீட்டர் விட்டால் கார் வராது, சக்கர நாற்காலி போகும். டூ வீலர் நுழையும். அதைத் தூணால் தடுக்க முடியாது.

தள்ளுவண்டிக்காரர்களை விரட்டும் யோசனையோடு ஆரம்பிக்க வேண்டாம். 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமை கொடுக்கிறது. அவர்களுக்கு இடம் குறித்த பிறகு பாருங்கள், பாதையில் கார் நிறுத்துபவனிடம் முதலில் சண்டைக்குப் போவது அந்த அக்காதான்.

கட்டுமுன் ஒரு ஒத்திகை நல்லது. போலீஸ் அனுமதியோடு இரண்டு வார இறுதிக்குச் சுண்ணாம்புக் கோடும் கயிறு கட்டிய டிரம்களும் வைத்துப் பாதையை நிஜமாகவே ஓட்டிப் பாருங்கள். எந்த டிரம் அடிபட்டுக் கிடக்கிறதோ அந்த வளைவில் வரைபடத்தைத் திருத்துங்கள். ஐம்பது பேர் பேசித் தீராத சந்தேகம் இரண்டு டிரம்மில் தீர்ந்துவிடும்.

குன்னூர் பக்கம் வேலை செய்யும் காலம் பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் வரை. அதற்கு முன் மழை, அதற்குப் பின் சீசன். ஆகவே டெண்டர் வேலை செப்டம்பர், அக்டோபரிலேயே நடந்தாக வேண்டும். ஏப்ரலில் பணம் வந்தது என்று ஏப்ரலில் தோண்டினால், மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டம் உங்கள் பள்ளத்துக்குள் நிற்கும்.

மன்றத் தீர்மானத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ஒவ்வொரு செப்டம்பரிலும் எல்லா மூடியும் திறந்து சேறு அள்ளப்படும், அதற்கான தொகை இன்ன தலைப்பில். இந்த வரி இல்லாத பாதைக்கு மூன்றாவது வருஷம் இல்லை.

வேலை முடிந்து ஒப்பந்ததாரர் பில் போடும்போது நீங்களும் போங்கள். நான்கு குடம் தண்ணீர் எடுத்துப் போய் நான்கு இடத்தில் ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று. ஏதாவது ஐந்து மூடியை நீங்கள் கைகாட்டி, அங்கேயே இரண்டு ஆளை விட்டுத் தூக்கச் சொல்லுங்கள். சுவர்த் துளையில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். முழங்கை நீளம் உள்ளே போக வேண்டும். ஒரு சாணில் முட்டினால் அது வெறும் குழாய்த் துண்டு, பின்னால் ஜல்லி வரை போகவில்லை என்று அர்த்தம். இதெல்லாம் சரியான பிறகு கையெழுத்துக்கு விடுங்கள். வைப்புத்தொகையை மட்டும் ஒரு வடகிழக்கு மழை முடியும் வரை விடுவிக்க வேண்டாம் என்று செயல் அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.